பச்சிளங்குழந்தைக்குச் சிக்கிள் சோதனை ‘நெகட்டிவ்’: ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் என்ன மாறுகிறது?

#1 சோதனைக்குழாய்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாளாக வளையும் பரம்பரை ரத்த நோய்) ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. வயது வரம்பு பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் கைக்குழந்தைகளும் வரிசையில் வருகிறார்கள். கவலை இதுதான்: 2, 3 மாதக் குழந்தைக்குச் சொல்யுபிலிட்டி டெஸ்ட் (ரத்தம் கரைசலைக் கலக்குகிறதா என்று பார்க்கும் சிக்கிள் சோதனை) போட்டு, குழாய் தெளிவாக இருந்ததும் அட்டையில் ‘நார்மல்’ என்று எழுதினால், அதே குழந்தை ஒரு வயதுக்குள் கை கால் வீங்கி, அழுது துவண்டு வரக்கூடும். அட்டையைப் பார்ப்பவர் சிக்கிளை நினைக்கவே மாட்டார்.

அந்த வயதில் ஹெச்பி எஸ் (சிக்கிள் நோயில் வரும் மாறிய ஹீமோகுளோபின்) குறைவு என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் குறைவு, எது அதைக் கூட்டுகிறது, அந்த மாற்றத்தை நிறுத்த முடியுமா என்பதை மூலக்கூறு அளவில் விரித்து எழுதினால் களப்பணியாளர் பயிற்சிக்கு உதவும். கூடவே, எந்த வயதில் எந்தச் சோதனை என்பதையும் தீர்த்துவிடலாம்.

#2 குரோமோசோம்11

ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா வகை, இரண்டு பீட்டா வகை. ஆல்ஃபா மரபணுக்கள் 16-ஆம் குரோமோசோமில் உள்ளன. பீட்டா வகை மரபணுக்கள் 11-ஆம் குரோமோசோமில் எப்சிலான், ஜி-காமா, ஏ-காமா, டெல்டா, பீட்டா என்ற வரிசையில் நிற்கின்றன. வளர்ச்சியில் அவை விழித்துக்கொள்வதும் இதே வரிசையில்தான்.

கரு உருவான முதல் சில வாரங்களில் மஞ்சள்கருப் பையில் சிவப்பணு உற்பத்தி. அங்கே எப்சிலான். சுமார் 8 வாரத்துக்குள் உற்பத்தி கல்லீரலுக்கு நகர்கிறது, காமா மேலே வருகிறது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு காமா சேர்ந்ததுதான் ஹெச்பி எஃப். தாயின் ஹீமோகுளோபினைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிப்பதால் நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் சிசுவுக்குக் கிடைக்கிறது. பிறகு எலும்பு மஜ்ஜை பொறுப்பேற்க, கடைசி மாதங்களில் காமா இறங்கி பீட்டா ஏறத் தொடங்குகிறது. பிறக்கும்போது ஹெச்பி எஃப் சுமாராக 60 முதல் 80 சதவீதம். 6 மாதத்தில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். வளர்ந்தவரிடம் 1 சதவீதத்துக்கும் குறைவு.

சிக்கிள் பிழை இருப்பது பீட்டா மரபணுவில் மட்டும்: ஜி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொகுதி ஜி.டி.ஜி. ஆகிறது, சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. காமா மரபணுவில் அந்தப் பிழை கிடையாது. ஆகவே நோய்க்கான எழுத்து கருவிலேயே இருந்தாலும், அதைப் படிக்கும் காலம் வரும்வரை நோய் கிடையாது. இரண்டு பக்கமும் எஸ் மரபணு பெற்ற குழந்தையும் பிறக்கும்போது 10, 20 சதவீத ஹெச்பி எஸ் அளவில்தான் இருக்கும்.

1948-லேயே மருத்துவர் ஜேனட் வாட்சன் இதைக் கவனித்தார். பச்சிளங்குழந்தைகளின் அணுக்கள் அரிவாளாக வளைவது குறைவு என்று பார்த்து, சிசு ஹீமோகுளோபின் காப்பதாக இருக்கலாம் என்றார். இன்றைய மரபணுத் திருத்தச் சிகிச்சை வரைக்கும் அந்த ஒரு கவனிப்பின் நீட்சிதான்.

#3 மருந்தாளுநர்_சித்ரா

ஒரு சந்தேகம். பிறந்து, மூச்சு விட்டு, ஆக்சிஜன் அளவு திடீரெனக் கூடுவதால்தான் இந்த மாற்றம் நடக்கிறதா?

#4 குரோமோசோம்11

இல்லை மேடம், கடிகாரம் பிறப்பைப் பார்ப்பதில்லை, கரு உருவான நாளிலிருந்து எண்ணுகிறது. 30 வாரத்தில் குறைமாதமாகப் பிறந்த குழந்தையிடம் மாற்றம் முன்கூட்டி வந்துவிடாது, கருப்பையிலேயே இருந்திருந்தால் எப்போது நடக்குமோ ஏறத்தாழ அப்போதுதான் நடக்கும். சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளிடம் மாற்றம் தாமதமாவதும் தெரிந்ததே. களத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு: ‘6 மாதம் ஆகிவிட்டது’ என்று கணக்கிடும்போது குறைமாதக் குழந்தைக்கு அந்த வாரங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

#5 சோதனைக்குழாய்

நன்றி. சொல்யுபிலிட்டி டெஸ்ட் பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன்.

வழக்கமான முறை: 2 மி.லி. வேலைக்கரைசலில் 20 மைக்ரோலிட்டர் முழு ரத்தம். கரைசலில் அடர்த்தியான பாஸ்பேட் பஃபர், அணுவை உடைக்கச் சப்போனின், ஆக்சிஜனை உறிஞ்சச் சோடியம் டைதயோனைட். ஆக்சிஜன் போனதும் ஹெச்பி எஸ் அந்த பஃபரில் கரையாமல் கலங்கும். 5 நிமிடம் கழித்து, கறுப்புக் கோடு போட்ட அட்டையின் முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் நெகட்டிவ், மறைந்தால் பாசிட்டிவ்.

பொய் நெகட்டிவ் வரும் இடங்கள்:

ஹெச்பி எஸ் 20 சதவீதத்துக்குக் கீழே. கைக்குழந்தையும், அண்மையில் ரத்தம் ஏற்றியவரும் இதில் வருவார்கள்.

கடும் ரத்தசோகை. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே போனால் 20 மைக்ரோலிட்டரில் கலங்குவதற்கே புரதம் போதாது. ரத்தத்தின் அளவை இரட்டிப்பாக்கலாம், அல்லது பிளாஸ்மாவை நீக்கி அடர்ந்த அணுக்களை எடுத்துச் செய்யலாம். முகாம்களில் அதிகம் விட்டுப்போகும் படி இது. நோய் முற்றியவர்தான் வெளுத்துப்போய் வருவார், அவருக்கே நெகட்டிவ் வந்துவிடும்.

டைதயோனைட் செத்துப்போதல். காற்றும் ஈரமும் பட்டால் தூள் வீரியம் இழக்கும். மூடி சரியாக மூடாத பாட்டில், ஜீப்பில் வெயிலில் கிடந்த கிட், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வராத கரைசல், மூன்றும் சந்தேகத்துக்குரியவை. ஒவ்வொரு தொகுதிக்கும் தெரிந்த கேரியர் (ஒரு பக்கம் மட்டும் எஸ் மரபணு பெற்றவர்) ரத்தம் ஒன்றும் நார்மல் ரத்தம் ஒன்றும் கூடவே ஓடவேண்டும். கேரியர் குழாய் கலங்காவிட்டால் அன்றைய நெகட்டிவ் எதையும் நம்ப முடியாது.

பொய் பாசிட்டிவ் வருவது கொழுப்பு மிகுந்த பிளாஸ்மா, மிக உயர்ந்த வெள்ளணு எண்ணிக்கை, அசாதாரணப் புரதங்கள் இவற்றால். பாசிட்டிவ் சரியாகவே இருந்தாலும் கேரியரா நோயாளியா என்று இந்தக் குழாய் சொல்லாது.

எனவே 6 மாதத்துக்குக் கீழே சொல்யுபிலிட்டி டெஸ்ட் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘போட்டுப் பார்க்கலாமே’ என்பதில் பலன் எதுவும் இல்லை, தவறான நிம்மதி மட்டுமே மிஞ்சும்.

#6 மலைச்சரிவு

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த வயதில் ஒன்றுமே செய்யாமல் அனுப்பிவிட்டால் பல குடும்பங்கள் திரும்ப வரமாட்டார்கள். நீலகிரியில் ஒரு குடியிருப்பிலிருந்து ஆய்வகத்துக்கு வர அரை நாள் கூலி போகும். சோதனையைத் தள்ளிப்போடு என்று சொல்வது எளிது. மாற்று வழி என்ன?

#7 சோதனைக்குழாய்

மாற்று வழி குதிகால் குத்தி எடுக்கும் உலர் ரத்தப்புள்ளி. வடிதாளில் சொட்டு வட்டம் முழுவதும் நிரம்பிப் பின்பக்கமும் ஊறவேண்டும். நிழலில் படுக்கையாக வைத்து 3, 4 மணி நேரம் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு அனுப்பலாம். ஈரமாகவே உறையிலிட்டால் ஹீமோகுளோபின் சிதைந்து பட்டைகள் குழம்பிவிடும்.

ஹெச்.பி.எல்.சி.யில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் முறை) வரும் வரிசையைப் படிப்பது இப்படி. அதிகமாக இருப்பதை முதலில் எழுதுவார்கள். எஃப், ஏ (வளர்ந்தவரின் இயல்பான ஹீமோகுளோபின்) என்றால் இயல்பு. எஃப், ஏ, எஸ் என்றால் கேரியர், ஏ அளவு எஸ் அளவைவிடக் கூடுதல். எஃப், எஸ் மட்டும் வந்து ஏ இல்லையென்றால் நோய் என்று எடுத்துக்கொண்டு உடனே பின்தொடர வேண்டும். அது எஸ்-எஸ் (இரண்டு பக்கமும் எஸ்) ஆகவும் இருக்கலாம், எஸ்-பீட்டா ஜீரோ தலசீமியாவாகவும் (ஒரு பக்கம் எஸ், மறுபக்கம் பீட்டா சங்கிலியே தராத மரபணு) இருக்கலாம், அரிதாக ஹெச்பி எஃப் வாழ்நாள் முழுக்க நீடிக்கும் பரம்பரை நிலையாகவும் இருக்கலாம். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்னொரு பொறி: பெரியவர்களில் எஸ்-எஸ், எஸ்-பீட்டா ஜீரோ இரண்டையும் பிரிக்க ஹெச்பி ஏ2 (டெல்டா சங்கிலி கொண்ட ஹீமோகுளோபின்) அளவை மட்டும் நம்பக்கூடாது. ஹெச்பி எஸ்ஸின் ஒரு பகுதி ஏ2 ஜன்னலுக்குள்ளேயே விழுந்து அதைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். எம்.சி.வி.யையும் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) சேர்த்துப் பாருங்கள். குறைந்த எம்.சி.வி. இருந்தால் தலசீமியா பக்கம் யோசிக்கலாம், ஆல்ஃபா தலசீமியா கூட இருந்தாலும் எம்.சி.வி. குறையும் என்பதை மறக்காமல்.

குழந்தைக்கு ரத்தம் ஏற்றும் அவசரம் வந்தால், ஏற்றுவதற்கு முன் ஒரு புள்ளியாவது எடுத்துவிடுங்கள். ஏற்றியபின் எடுத்தால் தானம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினைத்தான் படிப்போம், 4 மாதம் காத்திருக்க வேண்டிவரும்.

#8 மலைச்சரிவு

இது செய்யக்கூடியது. மாதிரி மட்டும் பயணப்படும், குடும்பம் அலைய வேண்டாம். நன்றி சார்.

#9 குரோமோசோம்11

இனி முதல் பதிவின் மூன்றாவது கேள்வி: மாற்றத்தை நிறுத்த முடியுமா? அதற்கு முதலில், காமாவை மூடுவது யார்?

இந்த மரபணு வரிசைக்கு முன்னால், தூரத்தில், ‘லோகஸ் கண்ட்ரோல் ரீஜன்’ என்ற கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. டி.என்.ஏ. வளைந்து இந்தப் பகுதி எந்த மரபணுவின் புரமோட்டரை (படிப்பைத் தொடங்கவைக்கும் முன்பகுதி) தொடுகிறதோ அது உரக்கப் படிக்கப்படும். காமாவைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை பீட்டாவுக்குப் பங்கு குறைவு. காமாவின் புரமோட்டரை ஒரு புரதம் அடைத்துவிட்டால் வளைவு பீட்டா பக்கம் போகும்.

அந்தப் புரதத்தின் பெயர் பி.சி.எல்.11ஏ. அதன் மரபணு 2-ஆம் குரோமோசோமில் உள்ளது. 2007, 2008-ல் ஹெச்பி எஃப் அதிகமுள்ளவர்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வுகள் இந்த இடத்தைச் சுட்டின. அதுவரை பி.சி.எல்.11ஏ லிம்போசைட் (ஒரு வெள்ளணு வகை) சார்ந்த புரதமாகத்தான் அறியப்பட்டிருந்தது. காமா புரமோட்டரில், படிக்கத் தொடங்கும் இடத்துக்கு 115 எழுத்துகள் முன்னால் அது உட்கார்கிறது. 200 எழுத்துகள் முன்னால் இன்னொரு அடக்கி, இசட்.பி.டி.பி.7ஏ. இந்த இரண்டு இடங்களிலும் இயற்கையாகவே எழுத்து மாறியவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹெச்பி எஃப் இறங்குவதில்லை, உடல்நலக் குறையும் இல்லை. ஆக, காமாவை வயது வந்தபின் திறந்து வைப்பது ஆபத்தில்லை என்பதற்கு மனிதரிடமிருந்தே சான்று இருக்கிறது.

கருவில் பி.சி.எல்.11ஏ ஏன் வேலை செய்வதில்லை? லின்28பி என்ற புரதம் கருக்காலத்தில் நிறைய இருக்கிறது. அது பி.சி.எல்.11ஏயின் ஆர்.என்.ஏ. புரதமாக மொழிபெயர்வதைத் தடுக்கிறது. லின்28பி வயதோடு மறைய, அடக்கி வெளியே வருகிறது. காமா, பீட்டா மாற்றத்தின் கடிகாரத்தில் நமக்குத் தெரிந்த முக்கியமான முள் இதுதான்.

#10 மஜ்ஜை

சிகிச்சைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஹெச்பி எஃப் ஏன் காக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஆக்சிஜன் இழந்த ஹெச்பி எஸ்ஸின் 6-ஆம் இட வேலின், பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85, 88-ஆம் இடங்களிலுள்ள எண்ணெய்த்தன்மைக் குழியில் பொருந்துகிறது. இப்படி அடுத்தடுத்துக் கோர்த்து நீண்ட இழையாகி அணுவை வளைக்கிறது. காமா சங்கிலியின் 87-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் குளூட்டமின் இருப்பதால் அந்தப் பொருத்தம் கெடுகிறது. ஒரு எஸ் சங்கிலியும் ஒரு காமா சங்கிலியும் சேர்ந்த கலப்பு மூலக்கூறும் இழைக்குள் நுழைவதில்லை. வெறும் நீர்த்துப்போதல் என்றால் இவ்வளவு காப்பு கிடைக்காது.

இழை உருவாக ஒரு தாமதம் உண்டு. அது ஹெச்பி எஸ் அடர்த்தியோடு சாதாரணக் கணக்கில் மாறாது, மிக உயர்ந்த அடுக்கில் மாறும். அடர்த்தி சற்றுக் குறைந்தாலே தாமதம் பல மடங்கு நீளும், அதற்குள் அணு நுண்குழாயைத் தாண்டி நுரையீரல் பக்கம் திரும்பிவிடும். உடலில் நீர் வற்றினால் வலி நெருக்கடி வருவதும் இதே காரணத்தால்தான்: அணு சுருங்கி உள்ளே அடர்த்தி கூடுகிறது.

முதல் அறிகுறிகள் காலக்கணக்குப்படி வரும். 6 மாதம் தாண்டி விரல்கள் இரு பக்கமும் வீங்குவது. திடீரென வயிறு உப்பி, வெளுத்து, துவண்டுபோவது: மண்ணீரலில் ரத்தம் தேங்குவது, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். நிமோகாக்கஸ் கிருமித் தொற்று. அதனால்தான் எஃப், எஸ் என்று வந்த குழந்தைக்கு அறிகுறிக்குக் காத்திராமல் 2 மாதத்துக்குள் பெனிசிலின் தொடங்குகிறோம்: 3 வயது வரை 125 மி.கி. நாளைக்கு இரு முறை, பிறகு 5 வயது வரை 250 மி.கி. இரு முறை. தாய்க்கு மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களை மென்மையாக வைத்து, குழந்தை மூச்சு இழுக்கும்போது முனை தட்டுப்படுகிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். முந்தைய நாளைவிடப் பெரிதாக இருந்தால் அன்றே மருத்துவமனை.

#11 மருந்தாளுநர்_சித்ரா

ஹெச்பி எஃப்பைக் கூட்டத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து பற்றி என் துறையிலிருந்து சில குறிப்புகள். அது டி.என்.ஏ. உருவாகத் தேவையான ரைபோநியூக்ளியோடைட் ரிடக்டேஸ் என்ற நொதியைத் தடுத்து, பிரியும் அணுக்களை நிறுத்துகிறது. மஜ்ஜை அவசரமாக மீளும்போது காமா அதிகமுள்ள சிவப்பணுக்கள் வெளியே வருகின்றன. வெள்ளணு குறைவதும் பலனில் ஒரு பங்கு, ஏனெனில் நாளச்சுவரில் ஒட்டி அடைப்பைத் தொடங்குவதில் அவற்றுக்குப் பங்குண்டு.

அமெரிக்க வழிகாட்டுதல்படி 9 மாதத்திலிருந்தே தரலாம். நாளைக்கு, குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மி.கி., பெரியவருக்கு 15 மி.கி., 8 வாரத்துக்கு ஒருமுறை 5 மி.கி. கூட்டி, 35-ஐத் தாண்டாமல். ஒரு மைக்ரோலிட்டரில் நியூட்ரோஃபில் (ஒரு வெள்ளணு வகை) 2,000-க்கு மேல், பிளேட்லெட் 80,000-க்கு மேல் இருக்கவேண்டும். இறங்கினால் நிறுத்தி, வாராவாரம் ரத்தம் பார்த்து, மீண்டபின் 5 மி.கி. குறைத்துத் தொடங்குவார்கள்.

நடைமுறைச் சிக்கல் 500 மி.கி. கேப்சூல்தான். 12 கிலோ குழந்தைக்கு 240 மி.கி. வேண்டும். ஒரு கேப்சூலைத் திறந்து 10 மி.லி. ஆறிய நீரில் நன்றாகக் கலக்கினால் 1 மி.லி.யில் 50 மி.கி., அதில் 4.8 மி.லி. ஊசி போடாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுக்கவேண்டும். அடியில் வண்டல் நிற்கும், அது மருந்தல்ல, நிரப்புப்பொருள். சுடுநீர் ஆகாது, மருந்து சிதையும். கையுறை அவசியம், கர்ப்பிணி கலக்கவே வேண்டாம். அளவை மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

மருந்து ஒழுங்காகப் போகிறதா என்பதற்கு எம்.சி.வி. நல்ல அடையாளம். சில மாதத்தில் ஏறாவிட்டால் முதலில் மருந்து வீட்டில் கிடைக்கிறதா என்று கேளுங்கள், அளவைக் கூட்டுவது அப்புறம்.

#12 மஜ்ஜை

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 35 மி.கி. வரை ஏற்றும் முறைக்கு 4 வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம். அது கிடைக்காத இடத்தில் கிலோவுக்கு 10 மி.கி. என்ற நிலையான குறைந்த அளவை இந்திய மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், பலனும் கிடைக்கிறது. பரிசோதனை இல்லாத உயர்ந்த அளவைவிட அது மேல். பரிசோதனை வசதி இருக்கும் இடத்தில் 10 மி.கி.யிலேயே நின்றுவிடுவதை நான் ஏற்கவில்லை.

#13 மலைச்சரிவு

1952-ல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணுவைக் கண்டதிலிருந்து ஒரு பேச்சு உலவுகிறது: ‘இந்திய வகை லேசானது’. நம் பகுதியில் பலருக்கு ஹெச்பி எஃப் 15, 20 சதவீதம் இருக்கிறதே, அது போதாதா?

#14 குரோமோசோம்11

அரபு-இந்திய ஹாப்லோடைப்பில் (எஸ் மரபணுவோடு சேர்ந்தே வரும் டி.என்.ஏ. மாற்றங்களின் தொகுப்பு) ஜி-காமா புரமோட்டரில் 158 எழுத்துகள் முன்னால் ஒரு மாற்றம் இருக்கிறது, ஹெச்பி எஃப் கூடுதலாக இருப்பதோடு அது சேர்ந்தே வருகிறது. ஆனால் சதவீதம் ஒரு சராசரி. 20 சதவீதம் என்பது எல்லா அணுவிலும் 20 ஆகவும் இருக்கலாம், பாதி அணுவில் 40, மீதியில் ஒன்றுமில்லை என்றும் இருக்கலாம். இரண்டாவது நிலையில் காப்பில்லாத பாதி அணுக்கள் அடைப்பை உண்டாக்கும். ஒரு அணுவில் மொத்த ஹீமோகுளோபின் சுமார் 30 பிகோகிராம், அதில் 10 பிகோகிராம் அளவுக்கு ஹெச்பி எஃப் இருந்தால்தான் அந்த அணு நன்றாகக் காக்கப்படும் என்பது கணிப்பு.

ஹெச்.பி.எல்.சி. இந்தப் பங்கீட்டைக் காட்டாது. ஒவ்வோர் அணுவையும் தனியாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி காட்டும். அமிலத்தில் கழுவிச் சாயமேற்றும் பழைய கிளைஹவர் முறையிலும் ஓரளவு பார்க்கலாம்: ஹெச்பி எஃப் உள்ள அணு இளஞ்சிவப்பாக நிற்கும், மற்றவை வெறும் நிழலாகத் தெரியும்.

#15 மஜ்ஜை

அதனால் ‘லேசானது’ என்ற சொல்லையே அட்டையில் எழுத வேண்டாம். பிரசவக் காலத்திலும் தொற்றின்போதும் இந்த நோயாளிகள் மற்றவர்களைப் போலவே மோசமாகக்கூடும்.

#16 புதியவர்_கார்த்தி

கிரிஸ்பர் (டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவி) சிகிச்சையில் சிக்கிள் எழுத்தையே திருத்துகிறார்கள் என்று நினைத்தேன். இந்தப் பதிவுகளைப் படித்தால் பி.சி.எல்.11ஏயைத்தான் குறிவைக்கிறார்கள் போலிருக்கிறதே. அப்படியானால் அந்த மரபணுவையே நீக்கிவிடலாமே?

#17 குரோமோசோம்11

நீக்க முடியாது. பி.சி.எல்.11ஏ மூளை வளர்ச்சிக்கும் பி லிம்போசைட் உருவாகவும் தேவை. அதன் ஒரு பிரதி கெட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு அறிவுவளர்ச்சிக் குறையும் கூடவே உயர்ந்த ஹெச்பி எஃப்பும் இருக்கின்றன. மஜ்ஜையை மட்டும் திருத்தினால் மூளை பாதிக்காது, ஆனால் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லும் லிம்போசைட்டும் பாதிக்கும்.

வழி கிடைத்தது 2013-ல். பி.சி.எல்.11ஏ மரபணுவின் உள்ளேயே இரண்டாவது இன்ட்ரானில் (புரதத்துக்கான குறியீடு இல்லாத பகுதி) சிவப்பணு வரிசையில் மட்டும் வேலை செய்யும் ஒரு என்ஹான்சர் (உற்பத்தியைக் கூட்டும் டி.என்.ஏ. துண்டு) இருக்கிறது. அதன் ஓர் இடத்தில் கேட்டா1 என்ற புரதம் உட்கார்ந்தால்தான் சிவப்பணுவில் பி.சி.எல்.11ஏ உற்பத்தியாகும். கிரிஸ்பர் வெட்டுவது அந்தச் சிறிய இருக்கையை. செல் அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் போய்விடும், கேட்டா1 உட்கார முடியாது, சிவப்பணுவில் மட்டும் அடக்கி குறையும், காமா திரும்ப எழும். சிக்கிள் எழுத்து அப்படியே இருக்கும்.

#18 மஜ்ஜை

காஸ்ஜெவி என்ற பெயரில் இது 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதி பெற்றது. மதிப்பிட முடிந்த 31 பேரில் 29 பேருக்கு தொடர்ந்து ஓராண்டு கடும் வலி நெருக்கடி வரவில்லை.

நடைமுறை கடினமானது. முதலில் ரத்தம் ஏற்றி ஹெச்பி எஸ்ஸை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவார்கள். பிறகு பிளெரிக்ஸாஃபோர் கொடுத்து ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். மற்ற நோய்களில் இதற்குப் பயன்படும் ஜி.சி.எஸ்.எஃப். மருந்து இங்கே கூடாது, வெள்ளணு திடீரென ஏறிக் கடும் நெருக்கடி வரும். திருத்திய சி.டி.34 செல்கள் (ரத்த ஸ்டெம் செல்கள்) கிலோவுக்குக் குறைந்தது 30 லட்சம் வேண்டும், ஆபத்துக்கு மாற்றாகத் திருத்தாத செல்களும் எடுத்து வைக்கவேண்டும். ஒரே அமர்வில் கிடைக்காமல் மறுபடி மறுபடி வரவேண்டியிருக்கும், பலருக்கு இந்த இடத்தில்தான் தடை. அதன்பின் புசல்ஃபான் கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். வாய்ப்புண், தொற்று, கருவுறும் திறன் இழப்பு ஆகிய அபாயங்கள் அந்த மருந்தினுடையவை, கிரிஸ்பருடையவை அல்ல. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்.

#19 குரோமோசோம்11

வேலூர் சி.எம்.சி.யின் ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் வேறு பாதையில் ஆய்வு நடந்திருக்கிறது: காமா புரமோட்டரிலேயே ஒற்றை எழுத்தை மாற்றும் பேஸ் எடிட்டிங். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஜி-காமாவும் ஏ-காமாவும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துக்கள், 5,000 எழுத்து இடைவெளியில் நிற்கின்றன. சாதாரணக் கிரிஸ்பர் இரண்டையும் வெட்டினால் இடையிலுள்ள துண்டு விழுந்து ஒரு காமா மரபணுவே காணாமல் போகலாம். பேஸ் எடிட்டிங் டி.என்.ஏ.யின் இரு இழையையும் வெட்டாததால் அந்த இழப்பு பெரிதும் குறைகிறது.

#20 புதியவர்_கார்த்தி

திருத்தியவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு?

#21 மஜ்ஜை

விந்து, முட்டை செல்கள் தொடப்படவில்லை. எஸ் மரபணு முன்போலவே போகும். துணைவரின் ரத்தத்தையும் திருமணத்துக்கு முன்போ கருத்தரிப்புக்கு முன்போ சோதிக்கவேண்டும்.

#22 சோதனைக்குழாய்

ஆய்வகத்துக்கு ஒரு குறிப்பு. இந்தச் சிகிச்சை பெற்றவரின் மாதிரி வந்தால் ஹெச்பி எஃப் 40 சதவீதத்தைத் தாண்டி, மீதியில் பெரும்பகுதி எஸ் ஆக இருக்கும். சொல்யுபிலிட்டி டெஸ்ட் பாசிட்டிவ்தான் காட்டும். வரலாறு தெரியாமல் பார்த்தால் பரம்பரை ஹெச்பி எஃப் நீடிப்பு என்று எழுதத் தோன்றும். விண்ணப்பப் படிவத்தில் ‘ரத்தம் ஏற்றிய தேதி’ என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘மஜ்ஜை மாற்று அல்லது மரபணுச் சிகிச்சை, தேதி’ என்று இன்னொரு கட்டம் சேர்த்துவிடுங்கள். 6 மாதத்துக்குக் கீழான குழந்தைகளுக்கு அதே படிவத்தில் ‘பிறந்த வாரம்’ கட்டமும் வேண்டும். திருத்திய மாதிரிப் படிவத்தை அடுத்த பதிவில் இணைக்கிறேன்.